ஆல்ரெடி என்றால் எப்போதிலிருந்து?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று முதலாளி சொன்னார். பேச்சு எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்தும் பெரிதாக வராது. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. கரூரில் பிரிட்ஜ், ஏசி பழுது பார்த்தேன். மஸ்கட்டில் அதே வேலை. அக்கா ஸ்பான்சர் செய்து டெக்சஸ் வந்தேன். இங்கேயும் அதே வேலை. லைசென்ஸ் மட்டும் புதிது.

கேஸ் நிரப்புவது, வயர் பார்ப்பது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். நான் சொல்ல வந்தது வாரண்டி வீடுகளைப் பற்றி. நம் கடைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு அதுதான்.

வீட்டு வாரண்டி என்பது இதுதான். வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு தொகை கட்டி வைக்கிறார். ஏசியோ, வாட்டர் ஹீட்டரோ, டிஷ்வாஷரோ ஓடித் தேய்ந்து நின்றுபோனால் கம்பெனிக்குப் போன் செய்கிறார். கம்பெனி நம்மை அனுப்புகிறது. நாம் வந்ததற்கு ஒரு சிறு கட்டணத்தை அவர் கொடுப்பார். மிச்சத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அதாவது, ஒத்துக்கொண்டால் பார்த்துக்கொள்ளும்.

இன்சூரன்ஸ் வேறு, இது வேறு. கல்மழை விழுந்து உடைந்தால் இன்சூரன்ஸ். வயதாகி நின்றால் வாரண்டி. இதைப் பல பேர் குழப்பிக்கொள்வார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள்.

வீடு வாங்குகிறவருக்கு விற்கிறவரே முதல் வருஷ வாரண்டியை எடுத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில் அதுவும் ஒன்றாக இருக்கும். யாரும் படிப்பதில்லை. சாவி கையில் வந்த சந்தோஷத்தில் யார்தான் படிப்பார்கள். வீடு கைமாறும் முன்பே இருந்த பழுது என்றால் பல கம்பெனிகள் தராது. சுத்தம் செய்யாமல் கெடுத்ததற்கும் தராது. கம்பெனி சரி சொல்லும் முன் வேறு ஆள் கை வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் பார்த்த சண்டையெல்லாம் இவற்றில் வந்ததுதான்.

ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் இருந்த வீடு. கோடைக்காலம். வெயில் நூறைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை.

கதவைத் திறந்தவர் பெயர் பிரவீன். சாப்ட்வேர் வேலை. சென்னைப் பையன். முகம் சிவந்திருந்தது. வெயிலா கோபமா தெரியவில்லை.

"தமிழா அங்கிள்? அப்பாடா. உள்ள வாங்க. ஆனா உள்ள வர்றதும் வெளிய நிக்கறதும் ஒண்ணுதான்."

உண்மைதான். குடிவந்து இரண்டு மாசம்கூட ஆகாத வீடு. பெயிண்ட் வாசனை அந்தச் சூட்டில் மூக்கைக் குத்தியது. சமையலறை நாற்காலியில் அவர் மனைவி ரம்யா உட்கார்ந்திருந்தார். நிறைமாசம். பீட்சா டப்பாவின் மூடியைக் கிழித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து வேர்க்குது அங்கிள்," என்று வயிற்றைக் காட்டினார். பிறகு மேடையில் இருந்த பாத்திரத்தைக் காட்டினார். இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்திருந்தது. "ஏசி போனதுல ஒரே ஒரு லாபம். மாவு பொங்கிடுச்சு. இந்த ஊருக்கு வந்து மொத தடவையா, ஓவனுக்குள்ள வெச்சு லைட் போட்டு சூடு காட்டாம பொங்கியிருக்கு."

"க்ளெய்மே போகப் போகுது. இவ மாவப் பத்தி பேசறா," என்றார் பிரவீன்.

என்ன நடந்தது என்று கேட்டேன். அவர்தான் சொன்னார்.

"நேத்து காலைல ஏசி நின்னுடுச்சு. இவ வாரண்டிக்கு கால் பண்ணியிருக்கா. என்ன ப்ராப்ளம்னு அவன் கேட்டிருக்கான். இவ, 'ஆல்ரெடி இட் வாஸ் மேக்கிங் சவுண்ட்'னு சொல்லியிருக்கா. அவன் அத அப்படியே, வீடு வாங்கறதுக்கு முன்னாடியே இருந்த ப்ராப்ளம்னு போட்டுட்டான். மெயில் வந்திருக்கு. வர்ற டெக்னீஷியனும் அப்படியே சொன்னா கிடையாதாம்." மனைவி பக்கம் திரும்பினார். "உன்ன யாரு பேசச் சொன்னா?"

"நீ மீட்டிங்ல இருந்த. வேற யார பேசச் சொல்றது? உள்ள இருக்கறவனயா?"

"ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்துட்ட."

ரம்யா விசிறுவதை நிறுத்தினார்.

"சரி. இனிமே இந்த வீட்டுல நான் எந்த போனையும் தொட மாட்டேன். போதுமா?"

சிரித்துக்கொண்டிருந்த பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

ஏசி எந்திரம் சமையலறைச் சுவருக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழேயே இருந்தது. கம்ப்ரசர் இறுகிப் போயிருந்தது. அதுதான் ஏசியின் இதயம். மாற்றத்தான் வேண்டும். மற்றபடி எந்திரம் சுத்தமாக இருந்தது. முன்பு யாரும் பிரித்துப் பார்த்த தடம் இல்லை. எதனால் நின்றது என்று தெரிந்தது. எப்போதிலிருந்து கெட ஆரம்பித்தது என்று தெரியவில்லை. இரும்பு அதைச் சொல்லாது.

பிரவீன் பின்னாலேயே வந்தார்.

"அங்கிள், நீங்க நம்ம ஆளு. இப்பதான் போச்சுன்னு ஒரு வார்த்த சேத்துப் போடுங்க. நிறைமாசம் அவளுக்கு. டாக்டர் சூட்டுல இருக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு முன்பணம் கட்டி கையில ஒண்ணும் இல்ல எனக்கு."

"பாத்ததச் சொல்றேனுங்க தம்பி. அதுக்கு மேல ஒரு வார்த்த சேக்க மாட்டேன். ஒரு வார்த்த கொறைக்கவும் மாட்டேன்."

"வாட்ஸப் குரூப்புல ஒருத்தர் இருக்கார். பழைய கம்ப்ரசர் ஒண்ணு வெச்சிருக்காராம். மதியம் வரேன்னு சொல்லியிருக்கார். வரச் சொல்லிடட்டுமா?"

"அவரு மூடியக் கழட்டுனா வாரண்டி அத்தோட முடிஞ்சுதுங்க. பொறவு கம்பெனி சரின்னு சொல்ல நெனச்சாக்கூடச் சொல்ல முடியாது."

"வெயிட் பண்ணி, அப்புறமும் இல்லன்னுட்டா? சனி, ஞாயிறு வேற. அந்த ஆளும் போயிடுவாரு."

போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வண்டிக்குப் போனேன்.

கம்பெனியோடு வண்டியில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். வீட்டுக்காரர் முன்னால் பேசக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்தால் நம் வாய் மாறிவிடும். இது நான் வைத்துக்கொண்ட பழக்கம். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வீட்டில்தான் அதை மீறினேன். அதுவும் முதல் தடவை நானாக மீறவில்லை.

கம்பெனியில் அனுமதி கொடுக்கிற மேசையில் ஒரு அம்மா இருந்தார். கறுப்பினப் பெண்மணி, டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். நேரில் பார்த்ததே இல்லை. பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கோடையில் போனை எடுத்தால் முதலில் என்ன கேட்பார் தெரியுமா? தண்ணீர் குடித்தாயா என்பார். குடித்தேன் என்று சொன்னால்தான் மேலே பேசுவார். என் இங்கிலீஷ் தடுமாறும்போது ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பார்த்ததைச் சொன்னேன். அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நின்றது.

"சத்தம் ஏற்கெனவே இருந்ததாக அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். எவ்வளவு நாளாக இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் இதற்குப் பதிலாக நாம் விடுகிற ஊகம், அங்கே தீர்ப்பாகிவிடும். ஒரு வாரம் என்றால் ஒரு குடும்பம் பிழைக்கும். ஆறு மாசம் என்றால் போயிற்று. சமையலறையில் விசிறிக்கொண்டிருந்த பெண் கண்ணுக்குள் நின்றார். ஒரு வாரம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நினைப்பதைக் கேட்டால் எனக்குத் தெரியாது. இன்றைக்கு இறுகிக் கிடக்கிறது. அவ்வளவுதான் தெரியும்."

"அப்படியானால் என் கையில் இந்தக் குறிப்பு மட்டும்தான் இருக்கிறது."

இல்லை என்பதைத்தான் நல்ல விதமாகச் சொல்கிறார் என்று புரிந்தது. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றிய ஒன்றைச் சொன்னேன்.

"அந்த ஆல்ரெடி உங்கள் ஆல்ரெடி இல்லை. எங்களுடையது."

"என்ன?"

"நாங்கள் தமிழ் பேசும்போதும் ஆல்ரெடி என்போம். போன வருஷத்துக்கும் அதுதான். போன நிமிஷத்துக்கும் அதுதான். காப்பி குடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இன்னொரு காப்பி கொடுத்தால் ஆல்ரெடி குடித்தேன் என்போம்."

அவர் சிரித்தார். "சரி. இந்த ஆல்ரெடி எது?"

"தெரியாது."

"அவளை யாராவது கேட்டார்களா?"

யோசித்தேன். போனில் எழுதிக்கொண்டவன் கேட்கவில்லை. புருஷன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"இல்லை."

"அப்படியானால் கேட்போம். உள்ளே போ. அவளிடம் போனைக் கொடு."

உள்ளே போனேன். ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். ரம்யா தலையை ஆட்டினார்.

"வேணாம் அங்கிள். நான் பேசினா இன்னும் கெட்டுப் போகும்."

பிரவீன் கையை நீட்டினார். "குடுங்க, நான் பேசறேன்."

"தம்பி, சத்தத்தக் கேட்டது நீங்களுங்களா?"

"இல்ல. நான் ஹெட்போன்ல இருந்தேன்."

"அப்ப அம்மிணி பேசட்டுங்க."

"அம்மிணியா?" ரம்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த ஊரு அங்கிள் நீங்க?" கேட்டுக்கொண்டே போனை வாங்கிக்கொண்டார்.

"ஹனி, ஒரு அவசரமும் இல்லை," என்றது அந்தக் குரல். "உன் மொழியிலேயே சொல்லு. அவர் எனக்குச் சொல்வார். அந்தச் சத்தம் கேட்டபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?"

எவ்வளவு நாளாக என்று அவர் கேட்கவில்லை, கவனியுங்கள். என்ன செய்துகொண்டிருந்தாய் என்றுதான் கேட்டார்.

"கிரைண்டர் போட்டிருந்தேன்," என்றார் ரம்யா. "உளுந்து அரைச்சுட்டு இருந்தேன். அந்த சத்தத்துல வேற எதுவும் கேக்காது. மாவ வழிக்கறதுக்கு கிரைண்டர ஆஃப் பண்ணேன். ஆஃப் பண்ணா, சத்தம் நிக்கல. உர்ருன்னு வந்துட்டே இருக்கு. என்னடா இது, ப்ளக்க புடுங்கியும் ஓடுதான்னு பாத்தேன். அப்பதான் தெரிஞ்சுது, வெளிய இருந்து ஆல்ரெடி வந்துட்டு இருந்திருக்குன்னு. ஜன்னல் கிட்ட போறதுக்குள்ள டப்புன்னு நின்னுடுச்சு."

அவ்வளவுதான் அந்த ஆல்ரெடி. ஒரு ஈடு உளுந்து அரைபடும் நேரம்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். கிரைண்டர் என்றால் என்ன என்று அந்த அம்மா கேட்டார். கல் உருண்டு மாவு அரைக்கும் மிஷின் என்றேன். "வீட்டுக்குள் கல்லா?" என்றார். ஆமாம் என்றேன். அதையும் தட்டச்சு செய்தார்.

"அதற்கு முந்தைய ராத்திரி வீடு எப்படி இருந்தது?"

இதற்கு ரம்யா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. நேராக இங்கிலீஷிலேயே ஆரம்பித்துவிட்டார். தான் ஏசியை ஃபாரன்ஹீட் எழுபத்தாறில் வைத்தால் புருஷன் அறுபத்தெட்டுக்கு இறக்கி வைப்பதாகவும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கியதாகவும், நிறைமாசக்காரிக்கே குளிரும்படி ஏசி வைக்கிற ஒரே ஆள் டெக்சஸில் இவர்தான் என்றும் சொன்னார்.

"பிரவீன், உண்மையா?" என்றது போன்.

பிரவீன் என்னைப் பார்த்தார். ரம்யாவைப் பார்த்தார். "யெஸ் மேம்," என்றார்.

"என் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்," என்றார் அந்த அம்மா. பிறகு எழுதியதை நிதானமாக வாசித்துக் காட்டினார். சரியா என்று ரம்யாவைத்தான் கேட்டார். சரி என்றார் ரம்யா. "முடிவு என் கையில் இல்லை. மேலே அனுப்புகிறேன். அதுவரை யாரையும் தொட விடாதீர்கள்."

போனை வைத்ததும் பிரவீனின் போன் அடித்தது. வாட்ஸப் குரூப் ஆள். பக்கத்தில் வந்துவிட்டாராம். எந்தத் தெரு என்று கேட்கிறார்.

பிரவீன் போனின் வாயை மூடிக்கொண்டார். என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் மனைவியைக் கேட்டார்.

"என்ன பண்ணலாம்?"

"வேணாம்னு சொல்லு. நான் நடந்ததச் சொல்லிட்டேன். பாக்கலாம்."

"இல்லன்னுட்டா?"

"இல்லன்னா ஃபிரெண்டு வீட்டுல போய் படுத்துக்கறேன். நீ இங்க மாவோட சேந்து பொங்கு."

அவர் அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காத்திருந்தோம். எனக்கு அடுத்த வீட்டு வேலை இருந்தது. தள்ளிப்போட்டேன். ரம்யா பொங்கிய மாவில் ஊத்தப்பம் ஊற்றினார். அந்தச் சூட்டில் அடுப்பு வேறு. வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சொன்னோம். "புளிச்சு வீணாப் போகும்," என்றார். பிரவீன் கரண்டியை வாங்கிக்கொண்டு அவரை உட்கார வைத்தார். அவர் ஊற்றியது வட்டமாக வரவில்லை. அப்படியே தின்றோம்.

தட்டுக் கழுவும் முன் போன் வந்தது. அந்த அம்மாதான். கம்ப்ரசருக்கு அனுமதி.

எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. கேஸில் ஒரு பங்கு கம்பெனி கணக்கில் வராது. அது வீட்டுக்காரர் பொறுப்பு. அதை அப்போதே பிரவீனிடம் சொன்னேன். நல்ல செய்தி வந்த சூட்டோடு கெட்டதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த நாள் சொன்னால் ஏமாற்றியதாக நினைப்பார்கள். அவர் சரி அங்கிள் என்றார். சண்டை போட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

சாமான் வர அடுத்த வாரம் ஆகும். நம் கடையில் சும்மா கிடந்த, சக்கரம் வைத்துத் தள்ளிப்போகும் சின்ன ஏசியைக் கொண்டுபோய் அவர்கள் படுக்கையறையில் வைத்தேன். முதலாளியிடம் பிறகுதான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இத்தனை நாள் சொன்னதில்லை. இதைப் படிக்கட்டும்.

நான் ரொம்பப் பேருக்குக் கடன்பட்டவன். பாஷை வராமல் வந்து இறங்கினேன். என் தடுமாற்றத்துக்கு நடுவில் காத்திருந்தவர்களால்தான் பிழைத்தேன். அந்த அம்மா அதில் முதல். ஒரு ஃபைலை மூடுவது அவருக்குச் சுலபம். மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னும் ஒரு கேள்வி கேட்டார். அன்றிலிருந்து நானும் எந்த வீட்டிலும், எவ்வளவு நாளாக என்று கேட்பதில்லை. அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பேன். கேட்டுப் பாருங்கள். நாள் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது. கையில் என்ன இருந்தது என்பது மறக்காது.

அடுத்த வாரம் கம்ப்ரசரை மாற்றினேன். பிரவீன் வெயிலில் கூடவே நின்றார். மனைவியைக் கூப்பிட்டு, "நீயே ஆன் பண்ணு," என்றார். உள்ளே ரம்யா பட்டனை அமுக்கினார். வெளியே காற்றாடி சுற்றியது. சத்தம் சீராக இருந்தது.

வேலை முடிந்தது என்று மேசைக்குச் சொல்ல வேண்டும். வண்டிக்குப் போகவில்லை. சமையலறையிலிருந்தே கூப்பிட்டேன்.

"தண்ணீர் குடித்தாயா?" என்றார் அந்த அம்மா.

"குடித்தேன். வேலை முடிந்தது."

"வீடு குளிர்கிறதா? அவளைக் கேட்கிறேன்."

போன் பிரவீன் பக்கத்தில் மேடை மேல் இருந்தது. அவர் எடுத்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு ரம்யாவிடம் நீட்டினார்.

"நீயே பேசு."

ரம்யா அவரை ஒருமுறை பார்த்தார். போனை வாங்கினார். சுவரில் இருந்த காற்றுத் துவாரத்துக்கு நேராகக் கையை நீட்டிப் பார்த்தார்.

"யெஸ் மேம்," என்றார். "இட் ஈஸ் கூலிங். ஆல்ரெடி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு. பிறகு தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.